ஓடும் படத்தில் லிங்க் வைப்பது எப்படி?

கேள்வி இதுதான். ஜார்ஜ் டவுனில் வார இறுதிகளில் வரலாற்று நடை நடத்தும் ஒரு சிறு குழு, 1914-இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்ட இரவைப் பற்றி 18 நிமிட வீடியோ ஒன்றை எடுத்திருக்கிறது. எடிட்டிங் பாதியில் நிற்கிறது. பார்ப்பவர் நடுநடுவே தொட்டால் பழைய புகைப்படம், வரைபடம், செய்தித்தாள் நறுக்கு, கட்டுரை எல்லாம் திறக்க வேண்டுமாம். "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், எத்தனை லிங்க் வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

சாஃப்ட்வேர் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எதை வாங்கினாலும் பணம்தான் வீண்.

கட்டுரையில் இருக்கும் லிங்க் நின்ற இடத்தில் நிற்கும். வாசகர் அதைத் தாண்டிப் போய், இரண்டு பத்தி கழித்துத் திரும்பி வந்து தொட்டாலும் அங்கேயே இருக்கும். வீடியோவில் இருக்கும் லிங்க் அப்படி இல்லை. சில நொடி தெரியும், போய்விடும். ஓடும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படிக்கிற நிலைமைதான் பார்ப்பவருக்கு. ஆகவே லிங்க் எங்கே போகிறது என்பது பாதிக் கேள்விதான். எப்போது தோன்றுகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, தொட்டதும் படம் என்ன ஆகிறது, திரும்பும்போது எந்த நொடிக்கு வருகிறார் என்பதெல்லாம் மீதிப் பாதி. சொதப்பலான இன்டராக்டிவ் (தொட்டால் வேலை செய்யும்) வீடியோக்களைப் பார்த்தால் பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டை யாரும் யோசித்தே இருக்க மாட்டார்கள்.

இது புதிய சிக்கலும் இல்லை. 1996-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஹைப்பர்கஃபே என்று ஒரு சோதனை முயற்சி செய்தார்கள். ஒரு காபிக்கடையில் பலர் பேசிக்கொண்டிருப்பார்கள். பார்ப்பவர் ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சுக்குத் தாவலாம். திரையில் ஓர் இடத்தில் இருக்கும் வாய்ப்பு வேறு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறந்து மூடும் வாய்ப்பு வேறு என்று அவர்கள் அப்போதே பிரித்துவிட்டார்கள். இன்றைய கருவிகள் பலவும் இடத்தை மட்டும் நன்றாகக் கவனிக்கின்றன. பெட்டியை இழுத்து வைக்கலாம், நிறம் மாற்றலாம். நேரத்தை நீங்கள்தான் கவனித்தாக வேண்டும்.

சரி, எவ்வளவு நேரம்? பார்ப்பவர் அதைக் கவனிக்க வேண்டும், படிக்க வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும், அப்புறம் விரலை நகர்த்த வேண்டும். என் கணக்கில் எட்டு நொடிக்குக் கீழே போகக் கூடாது. அதிலும் முதல் லிங்க்கை இன்னும் அதிக நேரம் விடுங்கள். இந்தப் படத்தில் தொடலாம் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. லிங்க்கின் மேல் எழுதும் வாசகம் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். "மேலும் அறிய" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். எதை அறிய? "எண்ணெய்த் தொட்டிகள் எங்கே இருந்தன?" என்று எழுதினால் தொடலாமா வேண்டாமா என்று ஒரே பார்வையில் முடிவு செய்துவிடுவார். லிங்க்கின் அடியில் ஒளிந்திருப்பது படமா, பத்து பக்கக் கட்டுரையா என்பதும் தெரிய வேண்டும். சின்ன அடையாளம் ஒன்று போதும். பத்து நொடி வேலை என்று நினைத்துத் தொட்டவர் முன்னால் ஒரு நீளமான கட்டுரை வந்து நின்றால், அடுத்த லிங்க்கை அவர் தொட மாட்டார்.

அடுத்தது, தொட்டதும் என்ன நடக்க வேண்டும்? மூன்று வழி உண்டு. படம் நிற்கும், பக்கம் திறக்கும். இது எல்லாரும் செய்வது. படம் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்திலோ கீழேயோ வேறொன்று மாறும். இது வரைபடத்துக்கு நன்றாகப் பொருந்தும். மூன்றாவது, தொட்டால் எதுவும் திறக்காது, "வைத்துக்கொண்டேன்" என்று ஒரு சின்னக் குறி மட்டும் வரும், படம் முடிந்ததும் அவர் தொட்டவை எல்லாம் ஒரு பட்டியலாக நிற்கும். இந்த மூன்றாவது வழியை யாரும் மதிப்பதே இல்லை. உங்கள் படத்துக்கு இதுதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

காரணம் கதையிலேயே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில், சுமார் 3,000 கஜம் தள்ளி நின்ற ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் விளக்கைப் போட்டுத் துறைமுகத்தைப் பார்க்கிறது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டுக் கப்பல் இருட்டில் போய்விடுகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளை நடுவில் நிறுத்தி, "பர்மா ஆயில் கம்பெனியின் வரலாறு" என்ற கட்டுரையைத் திறந்து காட்டினால் என்ன ஆகும்? கதை செத்துப்போகும். அங்கே லிங்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வையுங்கள். தொட்டால் அது பட்டியலுக்குப் போகட்டும். கதை ஓடட்டும்.

நிறுத்த வேண்டிய இடங்கள் வேறு. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஒரு மூச்சு விடுவீர்கள் அல்லவா, அங்கே நிறுத்தலாம். பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி, அடுத்த துண்டுக்கு எப்போது போவது என்பதைக் கற்பவர் கையிலேயே விட்டால் நன்றாகப் பதிகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சொன்னது இதற்கும் பொருந்தும். உங்கள் படத்தில் அப்படி மூன்று இடங்கள் இயல்பாக வருகின்றன: கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்ததைச் சொல்லி முடித்த இடம், தீ அணைந்த பிறகு, ஊரை விட்டு ஜனங்கள் ரயிலேறிய பகுதியின் முடிவு. அங்கே முழுத்திரைப் படம், கட்டுரை, என்ன வேண்டுமானாலும் வையுங்கள். மற்ற இடங்களில் குரல் ஒன்று சொல்லிக்கொண்டிருக்க, திரையில் வேறு வாசகத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள். காதில் ஒரு வாக்கியம், கண்ணில் இன்னொரு வாக்கியம் என்றால் இரண்டும் உள்ளே போகாது. படம் மட்டும் காட்டலாம், அது குரலோடு சண்டை போடாது.

இப்போது திரும்பி வருவது. உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கும் எம்டன் நினைவுப் பலகையின் படத்தைப் பார்க்கப் போனவர் அரை நிமிடம் கழித்து வருகிறார். விட்ட நொடியிலேயே படத்தை ஓட்டினால், வாக்கியத்தின் நடுவில் வந்து விழுவார். "...இருந்து மூன்று குண்டுகள்" என்று ஏதோ கேட்கும். எங்கிருந்து? ஒவ்வொரு லிங்க்குக்கும் திரும்பும் நொடியைத் தனியாகக் குறித்து வையுங்கள். அது அந்த வாக்கியத்தின் தொடக்கமாக இருக்கட்டும். எல்லா இடத்திலும் மூன்று நொடி பின்னால் போ என்று பொதுவாக வைத்தால் பாதி இடத்தில் சரியாக இருக்கும், மீதியில் வாக்கியத்தின் வாலில் போய் நிற்கும். ஸ்க்ரிப்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் குறிப்பதே மேல். அதே போல, எதையும் புதிய டேபில் திறக்காதீர்கள். மொபைலில் புதிய டேப் திறந்தால், வீடியோ எங்கே போனது என்று தேடும் பொறுமை நிறைய பேருக்கு இல்லை. அப்படியே வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார்கள். எல்லாம் அதே பக்கத்தில், வீடியோவுக்குக் கீழே திறக்கட்டும்.

கீழே என்று சொன்னேன், மேலே என்று சொல்லவில்லை. இதை விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இன்டராக்டிவ் வீடியோ என்றதும் எல்லாருக்கும் மனதில் வருவது படத்தின் மேல் மினுக்கும் புள்ளிதான். பெரிய திரையில், மவுஸ் வைத்துக்கொண்டு பார்த்த காலத்தில் அது சரி. மொபைலில் வீடியோவின் மேல் விரல் வைத்தால் அது நிற்கும், இல்லை என்றால் கட்டுப்பாட்டுப் பட்டை வரும் என்றுதான் விரல் பழகியிருக்கிறது. உங்கள் புள்ளியும் அங்கேயே இருந்தால் ஒன்றைத் தொடப் போய் இன்னொன்று நடக்கும். ஐபோனில் இன்னொரு தொல்லை. வீடியோவைப் பக்கத்துக்குள்ளேயே ஓட விடலாம் என்ற வசதி ஐஓஎஸ் 10-இல், 2016-இல் தான் வந்தது. இன்றும் பார்ப்பவர் முழுத்திரைப் பட்டனை அழுத்தினால் போனின் சொந்த பிளேயர் வந்து படத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் மேலே வைத்த புள்ளி, பெட்டி எல்லாம் காணாமல் போகும். சப்டைட்டில் மட்டும் தப்பிக்கும்.

ஆகவே போனை நெட்டுக்குத்தாகப் பிடித்திருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு வடிவமையுங்கள். அப்போது வீடியோ திரையின் மேல்பகுதியில் சின்னதாக இருக்கும். கீழே பாதிக்கு மேல் இடம் காலியாகக் கிடக்கும். அதுதான் உங்கள் மேடை. வரைபடம் அங்கே மாறட்டும், லிங்க்குகள் அங்கே ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து சேரட்டும். வந்தவை மறைய வேண்டாம், அடுத்தது வரும்போது கொஞ்சம் கீழே இறங்கினால் போதும். எட்டு நொடி கணக்கு பார்க்கும் அவசியமே பாதி குறைந்துவிடும். பட்டன் அளவுக்கு ஆப்பிள் 44 பாயின்ட் (திரையில் அளக்கும் ஓர் அலகு) என்கிறது, ஆண்ட்ராய்டு 48 என்கிறது. 2023-இல் வந்த அணுகல்தன்மை விதிகள் குறைந்தபட்சம் 24 பிக்சல் என்று சொல்கின்றன. குறைந்தபட்சத்தைப் பார்க்காதீர்கள், 48 வையுங்கள். உங்கள் நடைக்கு வருகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

படத்தின் மேலேயே தொட வேண்டும் என்று தோன்றும் இடம் ஒன்றிரண்டு நிச்சயம் வரும். உயர் நீதிமன்றக் கட்டடத்தின் ஷாட் ஒன்று. அன்றைக்குக் கலங்கரை விளக்கம் அந்தக் கட்டடத்தின் கோபுரத்தின் மேலேயேதான் இருந்தது. 1894 முதல் 1977-இல் மெரினாவுக்கு மாறும் வரை. அந்தக் கோபுரத்தைத் தொட்டால் விளக்கின் பழைய படம் வருவது அழகாகத்தான் இருக்கும். செய்யுங்கள், ஆனால் கேமரா அசையக் கூடாது. நகரும் ஷாட்டில் பொருளோடு சேர்ந்து நகரும் புள்ளி வைக்க முடியும், நேரமும் தலைவலியும் அதிகம், அசையும் குறியைப் பிடிக்க விரலுக்கும் கஷ்டம். எடிட்டிங் இன்னும் முடியாதது நல்லதாகப் போயிற்று: ட்ரைபாடில் எடுத்த ஷாட்டைத் தேர்ந்து பத்து நொடி பிடித்து நிறுத்துங்கள், அந்த நேரம் குரல் அதைப் பற்றியே பேசட்டும். சப்டைட்டில் வரும் கீழ்ப்பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். இனி ஏதாவது புதிதாக எடுத்தால் ஓரத்தில் வெற்று வானம் கொஞ்சம் விட்டு எடுங்கள்.

இதுவரை சொன்னது படத்திலிருந்து எழுத்துக்குப் போகும் வழி. எதிர்த்திசை வழியை நீங்கள் கேட்கவில்லை. எனக்கென்னவோ அதுதான் இன்னும் பயனுள்ளது என்று படுகிறது. வீடியோவில் பேசுவதை முழுக்க எழுத்தாக்கிப் பக்கத்தில் போடுங்கள். எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் படம் அந்த நொடிக்குப் போகட்டும். இதில் கிடைப்பது ஒன்றல்ல. காது கேளாதவர் படிக்கலாம். ரயிலில் ஹெட்போன் இல்லாமல் பார்ப்பவர் படிக்கலாம். தேடுபொறிக்கு வீடியோவுக்குள் இருக்கும் பேச்சை விட எழுத்து நன்றாகத் தெரியும். "எம்டன் நினைவுப் பலகை" என்று தேடுகிறவர் நேராக வந்து சேருவார். உங்கள் லிங்க்குகளையும் அந்த எழுத்திலேயே போட்டுவிடலாம், அங்கே அவை ஓடாமல் நிற்கும். இயந்திரம் எழுதித் தரும் தமிழை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஊர்ப்பெயர், கப்பல் பெயர், வருடம் எல்லாவற்றிலும் தடுக்கி விழும். 18 நிமிடத்தை உட்கார்ந்து திருத்த ஒரு சாயங்காலம் போதும்.

இணைய முகவரியின் வாலிலேயே "இத்தனையாவது நொடியிலிருந்து இத்தனையாவது நொடி வரை" என்று எழுதும் முறையை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2012-லேயே தரப்படுத்திவிட்டது. படத்தின் ஒரு மூலையை மட்டும் குறிக்கவும் அதில் வழி உண்டு. யூடியூபிலும் நொடியைச் சேர்த்து லிங்க் அனுப்ப முடியும். ஒவ்வொரு பகுதிக்கும் இப்படித் தனி முகவரி கிடைத்துவிட்டால், வேறு யாரோ எழுதும் கட்டுரையிலிருந்து கூட உங்கள் ஏழாவது நிமிடத்துக்கு லிங்க் வரும்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாசகம் ஒவ்வொரு எழுத்தாக விழும் எஃபெக்ட் எடிட்டர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தமிழில் அது அசிங்கமாக வரும். கம்ப்யூட்டருக்கு "கொ" என்பது ஒரே எழுத்து இல்லை, க-வும் ஒரு துணைக்குறியும். முதலில் "க" விழுந்து, அப்புறம் அதன் இரண்டு பக்கமும் கொம்பும் காலும் முளைக்கும். "ம்" வரும் இடத்தில் முதலில் "ம" நிற்கும், பிறகு புள்ளி வந்து உட்காரும். சொல் சொல்லாக விடுங்கள். அப்புறம் நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்துக்கு வடிவமைத்த பெட்டியில் "உயர் நீதிமன்றத்துக்குள்ளிருந்து" என்று எழுதிப் பாருங்கள், தெரியும். வாசகங்களை வீடியோவுக்குள் படத்தோடு படமாகப் பதித்துவிடாமல் தனி எழுத்தாகவே வைத்துக்கொண்டால் பிழை திருத்தலாம், பெரிதாக்கலாம், தேடலாம்.

கிளைக்கதை வைக்கலாமா என்றும் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்: "கப்பலோடு போகிறீர்களா, ஊருக்குள் போகிறீர்களா?" என்று பார்ப்பவரே தேர்ந்தெடுப்பது. ஆசையைத் தூண்டும் விஷயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்து ஐந்து இடத்தில் இரண்டிரண்டு வழி என்றால் மொத்தம் 63 துண்டு எடுக்க வேண்டும். பார்ப்பவர் அதில் ஆறு துண்டைத்தான் பார்ப்பார். 1967-இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் கினோஆட்டோமாட் என்று ஒன்றைக் காட்டினார்கள். படம் நடுவில் நிற்கும், மேடையில் ஆள் வந்து கேட்பார், ஜனங்கள் பட்டனை அழுத்தி ஓட்டுப் போடுவார்கள். சூட்சுமம் என்னவென்றால், எதைத் தேர்ந்தாலும் இரண்டு கிளையும் அடுத்த நிறுத்தத்தில் ஒன்று சேர்ந்துவிடும். அதனால்தான் அவர்களால் எடுத்து முடிக்க முடிந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் இதைக் கையில் எடுத்தது, 2024 டிசம்பரில் தன் இன்டராக்டிவ் படங்களில் பெரும்பாலானவற்றை நீக்கியும் விட்டது. உங்களுக்கு ஒரே ஒரு கிளை போதும்: கப்பல் பக்கம் இரண்டு நிமிடம், ஊர்ப் பக்கம் இரண்டு நிமிடம், இரண்டும் மறுநாள் காலையில் சேரட்டும். பார்க்காத பக்கம் முடிவில் வரும் பட்டியலில் இருக்கட்டும். கப்பலோடு போனவருக்கு நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அது அடிவாங்கித் தரைதட்டிய கதை வரை சொல்லலாம், அதற்கு வரைபடம் போதும்.

இனி கருவிகள். யூடியூபில் மட்டும் வைத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். அத்தியாயம் பிரிக்கலாம், முதல் நேரக்குறி பூஜ்யத்தில் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடியாவது இருக்க வேண்டும். கார்டு (படம் ஓடும்போது மூலையில் எட்டிப் பார்க்கும் லிங்க்) அதிகபட்சம் ஐந்து. கடைசி 5 முதல் 20 நொடிக்குள் முடிவுத்திரை, அதாவது வேறு வீடியோக்களுக்கு லிங்க் காட்டும் இடம். வெளித்தளத்துக்கு கார்டு வைக்க வேண்டுமானால் அவர்களின் பார்ட்னர் திட்டத்தில் (விளம்பர வருமானத்தைப் பகிரும் திட்டம்) இருக்க வேண்டும். உங்கள் தேவைக்கு இது பற்றாது. ஆனாலும் யூடியூபிலும் போட்டு வையுங்கள், ஆள் வரும் வாசல் அது.

ஹெச்5பி என்று நார்வேயில் பிறந்த ஒரு திறமூலக் கருவி இருக்கிறது. வெப்சைட் நடத்தும் வேர்ட்பிரஸ், இணையப் பாடம் நடத்தும் மூடுல் இரண்டிலும் வேலை செய்யும், இலவசம். அதில் இன்டராக்டிவ் வீடியோ என்ற வகையை எடுத்து யூடியூப் முகவரியைக் கொடுத்தால் அதன் மேல் படம், வாசகம், லிங்க், கேள்வி எல்லாம் வைக்கலாம், ஒரு நொடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் ஏதாவது காட்ட வேண்டும் என்றால் இதை எடுங்கள். குறை என்னவென்றால், அது படத்தின் மேல் வைக்கும் பழக்கத்தில் வளர்ந்த கருவி. நான் சொன்ன கீழ்ப்பகுதி மேடை அதில் சுலபமாக வராது.

வெப்சைட் எழுதத் தெரிந்த ஒருவர் உங்களோடு இருந்தால் சொந்தமாகச் செய்வதே நல்லது. பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. பிரவுசரிலேயே வெப்விடிடி என்ற எளிய எழுத்துக் கோப்பு முறை இருக்கிறது. சப்டைட்டிலுக்காக வந்தது என்றாலும் அத்தியாயம், உங்கள் சொந்தத் தகவல் எதையும் அதில் நேரத்தோடு எழுதி வைக்கலாம். அந்த நேரம் வந்ததும் பிரவுசர் உங்களுக்குச் சொல்லும், நீங்கள் கீழே இருப்பதை மாற்றிக்கொள்ளலாம். யூடியூப் வீடியோவைப் பக்கத்தில் பதித்திருந்தாலும் அது எந்த நொடியில் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் பிரவுசர் நேரத்தைச் சொல்வதில் கால் நொடி வரை முன்பின் இருக்கும். கட் விழும் அதே பிரேமில் லிங்க் வர வேண்டும் என்று திட்டமிடாதீர்கள், அரை நொடி இடம் விடுங்கள். வீடியோவை நீங்களே ஏற்றுவதானால் கீஃபிரேமை (கோப்பில் முழுப் படமாகச் சேமிக்கப்படும் பிரேம்) இரண்டு நொடிக்கு ஒன்றாக வையுங்கள், தாவும்போது திணறாது.

எந்த வழியில் போனாலும் லிங்க் பட்டியலைக் கருவிக்குள் அடைத்து வைக்காதீர்கள். யூடியூபில் 2008 முதல் படத்தின் மேல் குறிப்பு ஒட்டும் வசதி இருந்தது. அதை வைத்து விளையாட்டு, கிளைக்கதை, பாடம் என்று உலகம் முழுக்கச் செய்தார்கள். மொபைலில் அது வேலை செய்யவில்லை. 2017-இல் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள், 2019 ஜனவரியில் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். படங்கள் இன்னும் இருக்கின்றன, "இங்கே தொடுங்கள்" என்று ஆள் கையைக் காட்டுகிறார், அங்கே ஒன்றும் இல்லை. பிரவுசரில் விளையாட்டும் அசைபடமும் ஓட்டிய ஃபிளாஷ் 2020 முடிவில் போனது. மோஸில்லா 2012-இல் கொண்டுவந்த பாப்கார்ன் மேக்கர் அருமையான கருவி, அதுவும் இல்லை. அதனால் ஒரு சாதாரண விரிதாளில் எழுதுங்கள்: தோன்றும் நொடி, மறையும் நொடி, வாசகம், போகும் இடம், நிறுத்துமா ஓடுமா சேமிக்குமா, திரும்பும் நொடி, படம் யாருடையது. அதுதான் உங்கள் மூலப்பிரதி. நாளைக்குக் கருவி மாறினால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இன்னொரு நன்மை, இந்தத் தாளில் "போகும் இடம்" எழுத வராத லிங்க்குகள் தாமாக உதிர்ந்துவிடும். 18 நிமிடத்துக்கு ஒரு டஜன் போதும். இருபதைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும்.

போகும் இடமும் செத்துப்போகலாம். பழைய செய்தித்தாள் பக்கத்தை வேறொருவர் தளத்தில் விட்டுவிட்டு லிங்க் மட்டும் கொடுத்தால் என்றாவது உடையலாம். அனுமதி வாங்கி நகலை உங்களிடமே வையுங்கள். இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்குக் காப்புரிமை இப்போது எடுத்தவர் காலமும் அதன் பின் 60 வருடமும், 2012 திருத்தத்துக்கு முன் வெளியானதிலிருந்து 60 வருடம்தான், ஆகவே 1914-இல் வெளியான படத்துக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் ஸ்கேன் செய்து காத்து வைத்திருப்பவர்களுக்கென்று நிபந்தனைகள் இருக்கும். தரமணியில் ரோஜா முத்தையா நூலகமோ கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமோ, எங்கிருந்து எடுத்தாலும் கேட்டு, பெயர் போட்டு எடுங்கள். முழுப் பக்கத்தை ஸ்கேன் செய்து அப்படியே போனில் காட்டாதீர்கள், யாராலும் படிக்க முடியாது. தேவையான நறுக்கை மட்டும் வெட்டி, கீழே தட்டச்சு செய்து கொடுங்கள்.

கடைசியாக, சோதனை. ஒரு வரி கோடு எழுதும் முன்பே செய்யலாம். வீடியோவை லேப்டாப்பில் ஓட்டுங்கள், லிங்க் வரும் நேரத்தில் வாசகம் எழுதிய துண்டுச்சீட்டை மேஜையில் வையுங்கள், நேரம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பார்ப்பவர் சீட்டைத் தொட்டால் படத்தை நிறுத்திக் காகிதத்தைக் கொடுங்கள். எம்டனைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவர்கள் வேண்டாம், உங்கள் குழுவில் இல்லாதவர்களை உட்கார வையுங்கள். எத்தனை சீட்டைத் தொட்டார் என்று எண்ணாதீர்கள். தொட்டுப் போனவர் படத்துக்குத் திரும்பினாரா, திரும்பியதும் "எங்கே விட்டோம்" என்று முழித்தாரா என்று பாருங்கள். பிறகு நிஜமாகச் செய்ததைப் போனில் போட்டு, கடற்கரை-தாம்பரம் ரயிலில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சத்தம், ஆட்டம், வந்து வந்து போகும் சிக்னல் எல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும்.

நடைக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்பதை நீங்களே யோசித்திருப்பீர்கள். உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கும் எம்டன் பலகை முன்னால் நிற்கும்போது அந்தக் காட்சி போனில் திறந்தால் நன்றாக இருக்கும். அந்தச் சுவரில் க்யூஆர் குறி ஒட்ட யாரும் விட மாட்டார்கள், கேட்கவும் கேட்காதீர்கள். நடைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் தாளிலேயே அச்சடித்துவிடுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு குறி, ஒவ்வொன்றும் அதற்குரிய நொடியில் திறக்கட்டும். அங்கே வெயிலில் திரை மங்கும், லாரி இரைச்சலில் குரல் கேட்காது. தெருவில் திறக்கும் துண்டு ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும், சப்டைட்டில் தொடக்கத்திலேயே போட்டிருக்கட்டும், வேறு லிங்க் எதுவும் அதில் வேண்டாம்.